கொட்டகைக்கு முன்னால் வேலி

இயற்கை முறையில் மாடு வளர்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன கூரை போடலாம்?" நான் முதலில் பார்ப்பது திசையை. கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் உள்ளே வெயில் அதிகம் ஏறாது. தரைக்கு 40 அடிக்கு 1 அடி வாட்டம் கொடுத்தால் கோமியம் தேங்காமல் வாய்க்கால் வழியே எருக்குழிக்குப் போய்விடும்.

கொட்டகையைத் தாண்டி, காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. நிழலுக்கு வெள்வேல மரம்; அதன் காயும் தீவனம். கீழே கொழுக்கட்டைப் புல். சிமென்ட்டே இல்லாமல் தலைமுறைகளாக நிற்கிற கட்டுமானம் அது.

கொட்டகை ராத்திரிக்கும் மழைக்கும்தான். பகலில் மாடு காலாற நடந்து மேய வேண்டும். அதனால் கட்டடத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு பங்கை வேலிக்கும் மரத்துக்கும் ஒதுக்குங்கள். இந்த மழைக்கே கிளுவைப் போத்து நட்டுவிடுங்கள்.