ஏழு மில்லிகிராம் செம்பு

இண்டஸ்-2 வளையத்தைப் பார்க்கலாம் என்று இந்தூருக்குப் போகிறவர் கண்ணில் வளையம் படாது. 172.47 மீட்டர் சுற்றளவுள்ள அந்த எலக்ட்ரான் பாதை தடித்த கான்கிரீட் சுவருக்குள் இருக்கிறது. பீம், அதாவது எலக்ட்ரான் கற்றை, ஓடும்போது உள்ளே யாருக்கும் அனுமதி கிடையாது. நாம் நிற்பது சுவருக்கு வெளியே, அதை ஒட்டியே வளைந்து போகும் பெரிய கூடத்தில். சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் எஃகுக் குழாய்கள், ஒவ்வொரு குழாயின் முனையிலும் கதிர் கசியாதபடி மூடிய ஓர் அறை, அறைக்கு வெளியே மேசை, கணினிகள், தூக்கம் போதாத கண்களோடு இரண்டு மூன்று பேர். ஒரு குழாயும் அதன் அறையும் சேர்ந்தது ஒரு பீம்லைன். வேலை நடப்பது இங்கேதான். நான் பார்க்க வந்ததும் இவர்களைத்தான்.

இந்த வளையம் இருக்கும் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்துக்கு 1984இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய வளையமான இண்டஸ்-1 1999இல் இயங்கத் தொடங்கியது. இண்டஸ்-2இல் 2005இல் பீம் வந்தது. எலக்ட்ரான்கள் முதலில் மைக்ரோட்ரான் ஒன்றில் 20 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பெறுகின்றன. பிறகு பூஸ்டர் அவற்றை 550க்கு ஏற்றிப் பெரிய வளையத்தில் விடுகிறது. அங்கே 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஏறி, நொடிக்குப் பதினேழு லட்சம் முறைக்கு மேல் சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்கும் இடத்திலெல்லாம் ஒளி தெறிக்கிறது. ஒரு சுற்றுக்கு ஓர் எலக்ட்ரான் சுமார் 620 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை இப்படி இழக்கிறது. அந்த இழப்பை ரேடியோ அலைகள் ஈடுகட்டுகின்றன. துகள்களை மேலும் மேலும் வேகப்படுத்த நினைத்தவர்களுக்கு இது வெறும் நஷ்டமாக இருந்தது. அணுவுக்குள் பார்க்க நினைத்தவர்களுக்கோ இதுதான் விளைச்சல்.

இந்த ஒளியை முதலில் பார்த்தவர் ஒரு டெக்னீஷியன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1947 ஏப்ரல் 24, அமெரிக்காவின் ஷெனெக்டடி நகரம், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். அங்கிருந்த 70 மெகா எலக்ட்ரான் வோல்ட் சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியில் தீப்பொறி பறக்கிறதோ என்ற சந்தேகத்தில், காப்புச் சுவரைச் சுற்றிக் கண்ணாடி வைத்துப் பார்க்கும்படி ஃப்ளாய்ட் ஹேபர் என்ற டெக்னீஷியனிடம் சொன்னார்கள். அவர் குழாய்க்குள் வெளிச்சத்தைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அது பொறி அல்ல, எலக்ட்ரான்களே உமிழ்ந்த ஒளி. இப்படி ஒளி வரும் என்று கோட்பாட்டாளர்கள் முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். கண்ணால் கண்டது அன்றுதான். அதே ஆண்டு வெளியான கட்டுரையில் எல்டர், குரேவிச், லாங்மூர், பொல்லாக் என்று நான்கு பெயர்கள் இருக்கின்றன. ஹேபர் பெயர் அந்த வரிசையில் இல்லை. கூடத்தில் சுற்றிய நேரமெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஒன்பதாம் எண் பீம்லைன், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அணு, மூலக்கூறு இயற்பியல் பிரிவு கட்டியது. எக்ஸ்-கதிரை ஒரு பொருளுக்குள் செலுத்தி, எந்த ஆற்றலில் எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று அளப்பதே அங்கே வேலை. தமிழ்நாட்டிலிருந்து ஓர் ஆய்வு மாணவியும் அவருடைய ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரும் பீம் டைம், அதாவது அளப்பதற்கான நேர ஒதுக்கீடு, வாங்கி வந்திருந்தார்கள். கோயம்புத்தூரில் அகல்யா நகரி எக்ஸ்பிரஸ் ஏறி, மாதிரிகள் இருந்த டப்பாவை மடியைவிட்டு இறக்காமல் வந்ததாகத் தம்பி சொன்னார். கரியமில வாயுவை மெத்தனாலாக மாற்ற உதவும் ஒரு வினையூக்கி. செம்பும் துத்தநாக ஆக்சைடும் கலந்தது. வேலை செய்கிற நேரத்தில் அந்தச் செம்பு எந்த நிலையில் இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எவ்வளவு தூரத்தில்? இதைத்தான் மாணவி தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது பீம் பக்கம் யாரும் இல்லை. தயாரிப்பு அறையில் அகேட் கல்வத்தில் தம்பி கறுப்புப் பொடியை அரைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது போதுமா?"

"இன்னும் அரைடா. குழவி சுத்தும்போது சத்தம் வரக் கூடாது."

அவர் அரைக்க, மாணவி எனக்குக் கணக்கு சொன்னார். பதினைந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லை, அவர்கள் பேச்சில் பெல்லட். அதற்குள் செம்பு சுமார் ஏழு மில்லிகிராம் இருந்தால் போதும். அதைவிட அதிகமானால் கதிர் மறுபக்கம் வராது. குறைந்தால் விழுங்கும் அளவில் வர வேண்டிய தாவல் தெரியாது. ஏழு மில்லிகிராம் பொடியைக் கையால் எடுத்து வில்லையாக்க முடியாது என்பதால் செல்லுலோஸ் பொடி கலந்து அளவைக் கூட்டுகிறார்கள். கலவையை அச்சில் கொட்டி, மேற்புறத்தை நிரவி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்துகிறார்கள். அழுத்தத்தைச் சட்டென்று விட்டால் வில்லை விரிசல் விடும். மாணவி வால்வை மிக மெதுவாகத் திருப்பினார். எண்ணெய் இறங்கும் ஓசை நின்ற பிறகுதான் அச்சைக் கழற்றினார். வில்லையை மேசை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் உதட்டைப் பிதுக்கி, ஓரத்தில் ஓரிடத்தைச் சுட்டினார். ஊசிமுனை அளவு வெளிச்சம்.

அந்த ஊசிமுனையில் என்ன இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அளவீடு எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். வளையத்திலிருந்து வருவது எல்லா ஆற்றலும் கலந்த கதிர். அதிலிருந்து வேண்டியதைப் பிரிப்பவை இரண்டு சிலிக்கான் படிகங்கள். செம்பின் உள்கூட்டு எலக்ட்ரானைப் பெயர்க்க 8979 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். படிகம் கதிருக்கு ஏறத்தாழ 12.7 பாகையில் நின்றால் அந்த ஆற்றல் கிடைக்கும். ஒரே ஒரு எலக்ட்ரான் வோல்ட் ஏற்றப் படிகத்தைப் பாகையில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு திருப்பினால் போதும். இப்படிப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும்போது, 8979ஐத் தொட்டதும் செம்பு கதிரை விழுங்கும் அளவு ஏழு மடங்காக எகிறுகிறது. இதை எட்ஜ் என்கிறார்கள். உலோகச் செம்பில் ஓரிடத்தில் தொடங்கும் ஏற்றம், ஆக்சைடில் சில எலக்ட்ரான் வோல்ட் தள்ளிப் போகிறது. செம்பு எத்தனை எலக்ட்ரான்களை இழந்து நிற்கிறது என்பதை அந்தச் சிறு நகர்வு சொல்லிவிடுகிறது.

எட்ஜுக்கு அப்பால்தான் அழகு. வரைகோடு சமமாக இறங்காமல் அலைஅலையாக நெளிகிறது. சுவரோரக் குளத்தில் கல் எறிந்தால் வட்ட அலை சுவரில் பட்டுத் திரும்பி, கல் விழுந்த இடத்துக்கே வந்து சேருமே, அப்படி. பெயர்ந்த எலக்ட்ரான் அலையாகப் புறப்பட்டு, அண்டை அணுக்களில் பட்டுத் திரும்பி, புறப்பட்ட இடத்தில் தன்னோடு தானே கலக்கிறது. கூடும் இடத்தில் மேடு, கழியும் இடத்தில் பள்ளம். அந்த நெளிவுக்குள் அண்டை அணுவின் தூரம் இருக்கிறது என்பதையும், ஃபூரியே மாற்றத்தால் அதை வெளியே எடுக்கலாம் என்பதையும் சேயர்ஸ், ஸ்டெர்ன், லைட்டில் ஆகிய மூவரும் 1971இல் காட்டினார்கள். செம்பு உலோகத்தில் அடுத்த செம்பு 2.56 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் இருக்கிறது; கறுப்பு ஆக்சைடில் ஆக்சிஜன் ஏறத்தாழ 1.95இல். வரைபடத்தில் உச்சி 2.2 அருகில் தெரிந்ததும் எனக்குக் குழப்பம். "அது அப்படித்தான் தெரியும். எலக்ட்ரான் பட்டுத் திரும்பும்போது கட்டம் மாறுது, அதைத் திருத்தினா 2.56க்கு வந்துடும்" என்றார் மாணவி.

தூரத்தைச் சொல்வது நெளிவின் அடர்த்தி. எத்தனை அண்டை அணுக்கள் என்பதைச் சொல்வது நெளிவின் உயரம். கட்டிச் செம்பில் ஒவ்வோர் அணுவுக்கும் பன்னிரண்டு அண்டையர். துகள் மிகச் சிறியதாக இருந்தால் மேற்பரப்பு அணுக்கள் பெருகி, சராசரி எட்டு, ஒன்பது என்று குறையும். வினையூக்கியில் துகள் எவ்வளவு சிறியது என்பதை இந்த எண்ணை வைத்தே கணிக்கிறார்கள். இப்போது அந்த ஊசிமுனைக்கு வருவோம். வில்லையில் துளை இருந்தால், செம்பைத் தொடாமலே கொஞ்சம் கதிர் நழுவி வந்துவிடும். அதனால் நெளிவின் உயரம் குறையும். பன்னிரண்டு அண்டையர் பத்தாகத் தெரிவார்கள். துகள் மிகச் சிறியது, வினையூக்கி மிக நல்லது என்று கட்டுரை எழுதிவிடலாம். எந்தக் கணினியும் தடுக்காது. அரைத்தது சரியில்லை என்பது அரைத்தவருக்குத்தான் தெரியும். நூற்றுக்கணக்கானோர் உழைப்பில் இயங்கும் வளையத்திலிருந்து வரும் ஓர் எண் உண்மையா பொய்யா என்பதை அந்தக் கல்வம் தீர்மானிக்கிறது.

"திரும்பப் பண்ணலாம்டா" என்றார் மாணவி. தம்பி முகம் வாடாமல் கல்வத்தை எடுத்தார். அவருக்கு மிகவும் நல்ல ஆசிரியர் கிடைத்திருக்கிறார்.

காற்றுப்பட்டால் கெடும் மாதிரிகளை ஊரிலேயே ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் வில்லையாக்கி, காப்டன் டேப்பால் இருபுறமும் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். முதலில் செம்புத் தகடு. அதை வைத்துத்தான் ஆற்றல் அளவுகோலைச் சரிபார்க்கிறார்கள். பிறகு தெரிந்த ஆக்சைடுகள், கடைசியில் மாதிரிகள். ஒவ்வொரு முறையும் மாதிரியை மாற்ற அறைக்குள் போக வேண்டும். ஷட்டர் மூடியிருக்கிறதா என்று பார்த்து, உள்ளே போய் வில்லையைத் தாங்கியில் பொருத்தி, யாரும் தங்கிவிடவில்லை என்று மூலை வரை கண்ணால் பார்த்து, பொத்தானை அழுத்தி வெளியே வந்து கதவைப் பூட்ட வேண்டும். எச்சரிக்கை ஒலி ஓய்ந்த பிறகே ஷட்டர் திறக்கும். நள்ளிரவு தாண்டியும் இந்த வரிசையில் ஒரு படியைக்கூட யாரும் தாண்டிப் போகவில்லை.

பீம்லைன் விஞ்ஞானி இரண்டாம் படிகத்தை வேண்டுமென்றே சற்றுத் திருப்பி, கதிரின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். மூன்று மடங்கு ஆற்றலுள்ள தேவையற்ற கதிரும் அதே கோணத்தில் வரும். திருப்பினால் முதலில் சாவது அதுதான். "கம் லேகின் சாஃப்" என்றார். குறைவாக இருந்தாலும் சுத்தமாக இருக்கட்டும். எவ்வளவு திருப்புவது என்பதை வாயு நிரப்பிய அயனிக் கலத்தின் மின்னோட்ட எண்ணைப் பார்த்தபடியே விரலால் முடிவு செய்கிறார்.

ஒரு ஸ்கேன் முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. செம்பின் நெளிவைத் தொடர்ந்து அளக்கவும் முடியாது, 9659இல் துத்தநாகத்தின் எட்ஜ் குறுக்கே வந்துவிடும். கிடைக்கிற 680 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளிக்குள் எல்லாவற்றையும் படித்துவிட வேண்டும்.

ஒரு ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் வெற்றிடப் பிரிவு ஊழியர் ஒருவரோடு பேசினேன். எழுதியே ஆக வேண்டிய மனிதர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் நான் இவரை முதலில் வைப்பேன். வளையத்தின் குழாயில் அழுத்தம் வளிமண்டலத்தில் ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதைவிடக் கூடினால் எலக்ட்ரான்கள் வாயு மூலக்கூறுகளில் மோதிச் சிதறும். பல மணி நேரம் நிற்க வேண்டிய பீம் விரைவில் தேய்ந்துவிடும். குழாயின் உட்புறத்தில் ஒரு விரல்ரேகை பட்டாலே அதிலுள்ள எண்ணெய் நாட்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்கும். அதனால் கையுறை இல்லாமல் அவர் எதையும் தொடுவதில்லை. இரண்டு குழாய்களை இணைக்கும்போது நடுவே செம்பு வளையம் ஒன்றை வைக்கிறார். எஃகு விளிம்பின் கூர்முனை அந்தச் செம்பில் பதிந்து காற்றை அடைக்கிறது. போல்ட்டுகளை வரிசையாக முடுக்கக் கூடாது. எதிரெதிரே, கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி வர வேண்டும். எவ்வளவு முடுக்கினால் போதும் என்று கேட்டேன். கருவியில் எண் இருக்கிறது, ஆனால் கை முதலில் சொல்லிவிடும் என்றார். கழற்றிய செம்பு வளையத்தை மறுபடி பயன்படுத்துவதில்லை. அவருடைய மேசைக்கு அடியில் ஒரு பெட்டி நிறையக் கூர்முனைத் தடம் பதிந்த வளையங்கள் கிடந்தன.

இந்த மையத்துக்காரர்கள் சேர்ந்து சில பெரிய வேலைகளும் செய்திருக்கிறார்கள். ரேடியோ அலை ஆற்றலுக்குக் கிளைஸ்ட்ரான் குழாய்களை நம்பியிருந்த நிலை மாறி, இதே மையத்தில் உருவாக்கிய திண்மநிலைப் பெருக்கிகள் இப்போது 505.8 மெகாஹெர்ட்ஸில் வளையத்தை ஓட்டுகின்றன. ஒரு கிளைஸ்ட்ரான் போனால் எல்லாம் நிற்கும். நூற்றுக்கணக்கான சிறு பெருக்கிகளில் ஒன்றிரண்டு போனால் பீம் தொடரும். பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள 844 மீட்டர் வளையம் தரும் ஒளி இதைவிட மிகப் பிரகாசமானதுதான். நம் ஆய்வாளர்கள் ஹாம்பர்க், ட்ரியஸ்டே நகர வளையங்களுக்குப் போய் அளந்து வருவதும் நல்லதே. ஆனால் ரயிலில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்து அளக்கக்கூடிய ஓர் இடம் நாட்டுக்குள் இருப்பதன் மதிப்பு வேறு. தமிழ்நாட்டின் சிறிய கல்லூரிகளிலிருந்தும் இன்னும் பலர் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

விடியும் நேரத்தில், ஹைட்ரஜனில் சூடாக்கிய கடைசி மாதிரியின் வரைபடம் திரையில் வந்தது. ஆக்சிஜனின் உச்சி அமுங்கி, செம்பின் உச்சி எழுந்திருந்தது. ஆனால் தகட்டின் உயரத்துக்கு வரவில்லை. மாணவி உடனே மகிழ்ந்துவிடவில்லை. அறைக்குள் போய் வில்லையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்திவிட்டு இன்னொரு ஸ்கேன் போட்டார். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த பிறகே லாக்புக்கில் எழுதினார். கட்டுரையில் யார் யார் பெயர் வரும் என்று கேட்டேன். வழிகாட்டி, பீம்லைன் விஞ்ஞானி, தான் என்று சொல்லி, தம்பியைப் பார்த்துவிட்டு, "இவனும்தான். திரும்ப அரைச்சது அவன்தானே" என்றார்.

எட்டு மணிக்கு அடுத்த குழு வந்துவிட்டது. கிழக்கிந்தியாவிலிருந்து, வயல் மண்ணோடு. அவர்களுக்கு வேண்டியது ஆர்செனிக், 11867 எலக்ட்ரான் வோல்ட். மண்ணில் இருப்பது அதிக நஞ்சுள்ள மூன்றாம் நிலையா, ஐந்தாம் நிலையா என்று பார்க்க வேண்டும். தம்பி தானாகவே எழுந்து போய், கல்வத்தை எங்கே கழுவுவது, பிரஸ்ஸின் வால்வை எப்படித் திருப்புவது என்று அரைகுறை இந்தியில் அவர்களுக்குக் காட்டத் தொடங்கினார்.