பத்து மாசக் கிழங்கு

நான் பி.காம். அதனால் ஜெபத்துக்கும் கணக்கு எழுதுகிற ஆசாமி! 'பாகப்பிரிவினையில் சண்டை போட்ட அண்ணனை மன்னிக்கிற மனசைக் கொடும், ஆண்டவரே' என்று மூன்று வருஷமாகப் பற்றுப் பத்தியில் எழுதி வருகிறேன். வரவுப் பத்தியில் பூஜ்யம். அண்ணன் பேரைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிறேன்.

ராசிபுரத்தில் குச்சிக்கிழங்கு போட்டிருக்கும் மாமாவிடம் புலம்பினேன். "மாப்ள, குச்சி நட்டா கிழங்குக்குப் பத்து மாசம் ஆகும். இறங்குச்சான்னு வாராவாரம் பிடுங்கிப் பாத்தா, ஜவ்வரிசி மில்லுக்கு என்னத்த அனுப்பறது?" என்றார்.

சீகன்பால்கு ஞாபகத்துக்கு வந்தார். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியவர். தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சில் பார்த்துவிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தவர், 1719-ல் காலமானார். வயசு 36! மிச்சத்தை முடித்தவர் ஷூல்ட்சே. முழுசும் அச்சாகி முடிய 1728 ஆயிற்று. நட்டவருக்கு அறுவடையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அறுவடை நின்றுவிடவும் இல்லை.

எனக்கும் இப்போது 36. என் அவசரத்தைப் பாருங்கள்!

போன வாரம் அண்ணனுக்குப் போன் போட்டேன். ரெண்டு ரிங் போனதும் பயந்து கட் பண்ணிவிட்டேன். அஞ்சாவது நிமிஷம் அவரே கூப்பிட்டார்.

"அங்க மழை உண்டாடா?"

"லேசாத் தூறுதுண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால், பல்லைக் கடிக்கவில்லை.

கிழங்கு இறங்குகிறது போலிருக்கிறது. பிடுங்கிப் பார்க்கப் போவதில்லை!