அளந்து போட்ட நெல்லும் அமெரிக்க ஸ்காலர்ஷிப்பும்

"சீட்டு குடுத்தோம், ஹாஸ்டல் குடுத்தோம், மூணு வேளை சோறு போட்டோம். இன்னும் என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

சென்ற மாதம் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அறையில் நாங்கள் மூன்று பேர் இந்தக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். எங்கள் இரவுப் பாடசாலையில் படித்து, கபடியால் கல்லூரிக்குப் போன முதல் பையன் அவன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ரைடு போனவனை நான்கு பேர் அமுக்கியதில் மூட்டு ஜவ்வு கிழிந்துவிட்டது. இனி ஆட முடியாது. ஆடாதவனுக்கு விளையாட்டுச் சலுகை எதற்கு? பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. திரும்பும் வழியில் பேருந்தில் எங்களுக்குள்ளேயே சண்டை. "நம்ம பிள்ளைகளுக்குப் படிப்பு கிடைக்கிறதே பெரிசு, அதைக் கெடுத்துடாதீங்க" என்றார் எங்களில் மூத்த தோழர். அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த வாரம் முழுக்க, இதே கேள்வி எழுபது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கும் அமெரிக்காவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தோம்.

1955இல் ரே டெனிசன் என்ற மாணவர் கொலராடோவில் தன் கல்லூரிக்காகக் கால்பந்து (அங்கே ஆடும் முரட்டுக் கால்பந்து) ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். 1957இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை, எனவே அவர் ஊழியர் இல்லை என்பது அவர்கள் கண்ட நியாயம்.

அந்தக் காலத்தில்தான் 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லை என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கம் உருவாக்கியது. அடிபட்டவர்கள் எல்லாம் 'ஊழியர்' என்று வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். இதை நாம் சொல்லவில்லை. 1951 முதல் 1987 வரை அந்தச் சங்கத்தை நடத்திய வால்டர் பையர்ஸே 1995இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். அந்த அமைப்பின் மனநிலையைப் பழைய பண்ணையடிமை முறையோடும் ஒப்பிட்டார். ஓய்வு பெற்ற பிறகுதான் பலருக்கும் மனச்சாட்சி வேலை செய்கிறது.

பெயரை மாற்றிக் கூலியை மறைக்கும் வித்தை நமக்குப் புதிதா தோழர்களே? ஊர்ப்பணி செய்த நம் முன்னோருக்கு அறுவடை முடிந்ததும் களத்தில் அளந்து போட்ட நெல்லுக்குப் பழைய வருவாய் ஆவணங்களில் இருக்கும் பெயர் 'சுதந்திரம்'. இன்றும் ஆஷா பணியாளர்களைத் 'தொண்டர்' என்கிறோம், கொடுப்பதை ஊக்கத்தொகை என்கிறோம்.

அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்களின் கால்பந்து, ஆண்கள் கூடைப்பந்து அணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பின இளைஞர்கள். என்.சி.ஏ.ஏ.வின் ஆண்டு வருவாய் நூறு கோடி டாலரைத் தாண்டும். அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கினார். 2014இல் கோப்பையை வென்ற கனெக்டிகட் அணியின் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பட்டினியோடு படுத்திருப்பதாக நிருபர்களிடம் சொன்னார். அதே மாதம் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அதுவரை, எத்தனை வேளைக்குச் சோறு போடலாம் என்று ஒரு விதி இருந்திருக்கிறது!

சரி, கல்விதானே கூலி என்கிறார்கள். அந்தக் கூலியாவது ஒழுங்காக அளந்து போடப்பட்டதா? வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகள் நடந்த மோசடியை 2014இல் ஒரு விசாரணை அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. வகுப்பே நடக்காத பாடங்களில் சுமார் 3,100 மாணவர்கள் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். ஆடுவதற்கு ஆள் வேண்டும், படித்தானா என்பது யாருக்குக் கவலை?

கொஞ்சம் மாறியும் இருக்கிறது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்க வழி பிறந்தது. 2025இல் ஹவுஸ் வழக்கின் சமரசப்படி முன்னாள் வீரர்களுக்கு 280 கோடி டாலர் அளவில் நிலுவை. அந்தச் சமரசத்தில் சேர்ந்த ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் இரண்டு கோடி டாலர் வரை வீரர்களோடு பகிரலாம்.

பணத்தின் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது, பெண்கள் பின்தள்ளப்படுகிறார்கள் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் எங்களை உறுத்துவது வேறு. இவ்வளவு கொடுத்த பிறகும் 'ஊழியர்' என்ற சொல்லை மட்டும் கொடுக்க மறுக்கிறார்கள். டார்ட்மவுத் கூடைப்பந்து மாணவர்கள் 2024 மார்ச்சில் 13-2 என்று வாக்களித்துச் சங்கம் அமைக்கப் பார்த்தார்கள். கல்லூரி பேச்சுவார்த்தைக்கே உட்காரவில்லை. ஆண்டு முடிவில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நட்சத்திரங்களுக்குக் கோடிகள் கிடைக்கட்டும். அடிபட்டு விழுந்த சாதாரணப் பையன் சட்டத்தின் முன் யார்? டெனிசனின் மனைவி கேட்டதும் அதுதானே.

நம் ஊர்க் கல்லூரிக் கபடியில் கோடிகள் புரளவில்லை, தெரியும். எல்லா வீரருக்கும் மாதச் சம்பளம் கொடு என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கல்லூரியின் வாசல் பேனரில் கோப்பையோடு அவன் இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறான். சேர்க்கைக்கு அந்தச் சிரிப்பு வேண்டும், மூட்டுக்குச் செலவழிக்க மட்டும் ஆள் இல்லை.

மூத்த தோழர் இப்போதும் எங்களோடு முழுதாக உடன்படவில்லை. ஆனாலும் மனுவை எழுதியவர் அவர்தான். முதல் வரைவில் 'கருணை அடிப்படையில்' என்று இருந்தது. பையன் வாசித்துவிட்டு, "இது எதுக்குண்ணா?" என்று கேட்டான். அவரே பேனாவை வாங்கி அடித்துவிட்டு 'காயத்துக்கான இழப்பீடாக' என்று எழுதினார். சிகிச்சைச் செலவு, பட்டம் முடியும்வரை ஹாஸ்டல், இனி ஆடவரும் எல்லாருக்கும் காப்பீடு என்று மூன்று கோரிக்கைகள். திங்கட்கிழமை முதல்வர் அறைக்குப் போகிறோம். மாடிப்படி ஏற அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால் பத்து மணிக்கே கிளம்புகிறோம்.