மழையில்லா மாதங்களின் ஆறு

தாமிரபரணி நீளமான ஆறு இல்லை. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும்வரை அது கடக்கும் தூரம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். காவிரியின் நீளத்தில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தத் தூரத்துக்குள் பசுமைமாறா மழைக்காடு, இலையுதிர்காடு, முள்காடு, செம்மணல் தேரி, அலையாத்திக்காடு என்று நிலம் மாறிக்கொண்டே வருகிறது. ஆப்பிரிக்காவில் காங்கோ மழைக்காட்டிலிருந்து சாகேல் முள்வெளிக்குப் போக வடக்கே ஆயிரம் கிலோமீட்டராவது பயணம் செய்ய வேண்டும். இங்கே காலையில் மழைக்காட்டை ஒட்டிய காரையாற்றில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முள்காட்டில் இருக்கலாம்.

பள்ளிப் புவியியல் நூல்கள் இவற்றைப் பல்லுயிர்த் தொகுதிகள் என்கின்றன. ஓரிடத்தின் வெப்பமும் மழையும் சேர்ந்துதான் அங்கே எந்த மரம் நிற்கும், எந்த விலங்கு மேயும் என்பதை முடிவு செய்கின்றன. அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் 1970களில் வெளியிட்ட வரைபடம் இன்றும் வகுப்பறைகளில் இருக்கிறது. ஓர் அச்சில் ஆண்டின் சராசரி வெப்பம், மற்றோர் அச்சில் ஆண்டு மழை. நடுவே தூந்திரம் முதல் மழைக்காடு வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். உலகம் முழுவதையும் பார்க்கும்போது முதல் கோட்டைப் போடுவது வெப்பம்தான். சைபீரியாவின் ஊசியிலைக்காடும் காங்கோவின் காடும் ஏன் வேறு வேறு என்று கேட்டால் குளிர் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்.

தாமிரபரணிக் கரையில் அந்தப் பதில் உதவாது. இந்த ஆறு எட்டரை டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டி, ஏறக்குறைய நேர் கிழக்காக ஓடுகிறது. பிறக்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் ஒரே வெயில். மலை உச்சியின் குளிரைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது மழை. அந்த மழையிலும், எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைவிட எத்தனை மாதம் பெய்யாமல் இருந்தது என்பதே இந்தக் கரைகளின் தலையெழுத்தை எழுதியிருக்கிறது. இதை ஆற்றோடு கூடவே இறங்கிப் பார்ப்பதுதான் நல்லது.

பொதிகையின் சிகரமான அகத்தியர் மலையின் உச்சி 1,868 மீட்டர். அங்கே ஆட்சி காற்றுடையது. மரங்கள் ஆள் உயரத்துக்குமேல் எழும்ப முடியாமல் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. பாறை விளிம்புகளில் புல், அந்தப் புல்லை மேய வரையாடு. உச்சியைவிட்டு இறங்கியதும் காடு தலைக்குமேல் மூடிக்கொள்கிறது. வெடிப்பலா, நாங்கு, ஆரியங்காவுக் கணவாய்க்குத் தெற்கே மட்டுமே வளரும் செங்குறிஞ்சி என்று மேல்தட்டு மரங்கள். அவற்றின் நிழலில் வளர்பவை, அந்த நிழலின் நிழலில் வளர்பவை என்று அடுக்குகள். பேயாறு, உள்ளாறு, காரையாறு எல்லாம் இந்த நிழலுக்குள்தான் ஊறி ஒன்று சேர்கின்றன.

இந்தக் காட்டைப் புரிந்துகொள்ள வெடிப்பலா ஒன்று போதும். காட்டில் மற்றப் பழங்கள் அருகிப்போகும் வறண்ட வாரங்களில் அது பூக்கிறது. இதழில்லாத, சதைப்பற்றான பூக்கள் கிளையிலேயே கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சியில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்த சூழலியலாளர்கள், கருமந்தியும் மலையணிலும் பறக்கும் அணிலும் வௌவாலும் அந்தப் பருவத்தில் இந்தப் பூக்களைத் தேடி வருவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு காய் முற்றும்போது சிங்கவால் குரங்கு அந்த முள்தோலைக் கடித்துப் பிளந்து உள்ளே இருக்கும் விதையைத் தின்கிறது. பெருங்காட்டின் பசியை ஒரு மரம் சில வாரங்களுக்குத் தாங்கிவிடுகிறது. அந்தச் சில வாரங்கள் ஆறேழு மாதமாக நீண்டால் எந்த மரத்தாலும் தாங்க முடியாது.

நீளாமல் இருப்பதற்குக் காரணம் பொதிகையின் இருப்பிடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளப் பக்கத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் வழிகிறது. அது ஓய்ந்ததும் வங்கக்கடலிலிருந்து வடகிழக்குப் பருவமழை. அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு கோடைமழை. மேற்குச் சரிவுகளை ஒட்டிய உயரங்களில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. உண்மையில் வறண்டவை என்று சொல்லத்தக்க மாதங்கள் இரண்டு, மிஞ்சினால் மூன்று.

வறண்ட மாதம் எது என்பதற்கு எளிமையான ஒரு விதி உண்டு. புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்தின் தாவர வரைபடப் பணிக்கு வழிகாட்டிய தாவரவியலாளர் ஹென்றி கோசென் முன்வைத்தது அது. மாத மழையை மில்லிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அது அந்த மாதத்துச் சராசரி வெப்பத்தின் இரு மடங்குக்குக் கீழே இருந்தால் வறண்ட மாதம். 25 டிகிரி வெப்பமுள்ள மாதத்தில் 50 மி.மீ. வேண்டும், அவ்வளவுதான். அதே நிறுவனத்தின் ழான்-பியேர் பாஸ்கல் 1980களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளை வகைப்படுத்தியபோது இப்படிப்பட்ட மாதங்களின் எண்ணிக்கைக்குத் தனி இடம் கொடுத்தார். மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. ஆனால் அத்தனையும் நான்கைந்து மாதத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ஏழெட்டு மாதம் வானம் வெளுத்துக் கிடக்கும். அங்கே பசுமைமாறாக் காடு குட்டையானது, அதில் இனங்களும் குறைவு. அதைவிடக் குறைந்த மழையில் பொதிகை வைத்திருக்கும் காட்டோடு அது போட்டியிட முடியாது. விட்டேக்கரின் வரைபடத்தில் ஆண்டு மழைக்கு அச்சு உண்டு, மாதங்களுக்கு இல்லை. பொதிகையை அந்த ஒற்றை எண்ணில் அடக்க முடியவில்லை.

பாண தீர்த்த அருவியாக விழுந்து காரையாறு அணைக்குள் நுழையும் ஆறு, அணையைவிட்டு வெளியே வரும்போது வேறு காட்டுக்குள் இருக்கிறது. முண்டந்துறையின் மேடும் சரிவும் தேக்கு, வேங்கை, கருமருது நிற்கும் நிலம். மழைமறைவு இங்கேயே தொடங்கிவிட்டது. வறண்ட மாதங்கள் ஐந்து, ஆறு என்று ஏறும்போது மரங்கள் செலவைக் குறைத்துக்கொள்கின்றன. இலைகளை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கின்றன. இலை உதிர்ந்தால் வெயில் தரைக்கு வரும், தரையில் புல் வரும், புல்லுக்குப் புள்ளிமானும் மிளாவும் காட்டுமாடும் வரும், அவற்றின் பின்னால் புலி வரும். மழைக்காட்டின் வாழ்க்கை பெரும்பாலும் மரத்தின் உச்சியில். இலையுதிர்காட்டின் வாழ்க்கை தரையில். இந்த வேறுபாட்டை வனத்துறையின் வரலாறே பதிந்து வைத்திருக்கிறது. 1962இல் முண்டந்துறை சரணாலயமானது புலிக்காக. 1976இல் களக்காடு சரணாலயமானது சிங்கவால் குரங்குக்காக. இரண்டும் சேர்ந்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயின. எல்லையைக் கோடு போட்டுக் காட்டியது அந்த இரண்டு விலங்குகள்.

பாபநாசத்தில் ஆறு சமவெளிக்கு வருகிறது. இதற்குப் பிறகுதான் தாமிரபரணி செய்யும் பெரிய காரியம் தொடங்குகிறது.

ஜூலை மாதம் திருநெல்வேலியில் நின்று மேற்கே பாருங்கள். பொதிகைமேல் மேகம் கருத்துக் கிடக்கும். தலைக்குமேல் வெயில், முகத்தில் புழுதிக்காற்று. மலையின் அந்தப் பக்கம் ஈரத்தை இறக்கி வைத்துவிட்டு முகட்டைத் தாண்டிய காற்று, கீழே இறங்க இறங்கச் சூடேறி உலர்ந்துவிடுகிறது. கயத்தாற்றுக் காற்றாலைகள் சுழல்வதும் அந்தக் காற்றில்தான். சமவெளிக்கு ஆண்டு மழை சுமார் 700 மி.மீ.; அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும். தன் மழையை மட்டும் நம்பியிருந்தால் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆத்தூர்வரை இந்த நிலம் முள்காடாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் இங்கே இரண்டு போகம் நெல் விளைகிறது. ஒன்று கார், இன்னொன்று பிசானம். பிசானம் வடகிழக்குப் பருவமழையில் விளைவது, அதில் வியப்பில்லை. கார்தான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. ஜூனில் நாற்றுவிட்டுத் தென்மேற்குப் பருவக்காலம் முழுதும் வளரும் பயிர் அது. வயலில் ஒரு தூறல் விழாத மாதங்களில், நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் மேற்கே பெய்யும் மழையில் விளைகிறது. மழைக்காடு அந்த மழையை ஒரே நாளில் உருட்டிவிடாமல், வேரிலும் மட்கிலும் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கசியவிடுவதால் விளைகிறது. ஒரு பல்லுயிர்த் தொகுதியின் ஈரத்தை இன்னொன்றின் வறண்ட மாதங்களுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது இந்த ஆறு.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசியானது 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. மற்றவை அதற்கும் முந்தியவை. கால்வாய்க் கரையில் நடந்தால் பள்ளத்துப் பக்கம் நெல், வாழை, வெற்றிலைக்கொடிக்கால். மேட்டுப் பக்கம் உடைமரமும் பனையும். இரண்டுக்கும் இடையே ஒரு கரையின் அகலம். ஆற்றங்கரை நெடுகிலும் நீர்மருது மரங்கள், அவற்றில் பகலெல்லாம் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள். கால்வாய்கள் நிரப்பும் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். முள்காட்டுக்கு உரிய மழையே பெய்யும் நிலத்தில் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் வந்து தங்க முடிவதும் இதே கடன்வாங்கிய தண்ணீரால்தான்.

ஆற்றின் தண்ணீர் ஏறாத மேடு எப்படி இருக்கும் என்று பார்க்க வல்லநாடு போக வேண்டும். திருநெல்வேலி–தூத்துக்குடி நெடுஞ்சாலை ஓரத்துக் குன்றையும் அதன் அடிவாரத்தையும் 1987இல் வெளிமான் சரணாலயமாக அறிவித்தார்கள். வெறும் 16 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இது. குடைவேலம் இங்கே விரித்த குடையாக நிற்கிறது. ஆப்பிரிக்கச் சவானாவின் படங்களில் பார்க்கும் அதே வடிவம், அதே வேல இனத்தின் உறவு; ஆனால் இது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது. சிறிய இலை, நீண்ட முள், அகலப் பரவும் வேர் எல்லாம் எட்டு மாத வறட்சிக்குச் செய்த ஏற்பாடு. மரங்களுக்கு நடுவே விடும் வெளியில் புல் வளர்கிறது. அந்த வெளி இருந்தால்தான் வெளிமான். தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் பார்த்து ஓடித் தப்பும் விலங்கு அது.

இப்படிப்பட்ட நிலத்துக்கு அரசாங்க ஆவணங்களில் தரிசு என்று பெயர். புதர்க்காடுகளைத் தரிசுநில வரைபடத்தில் ஒரு வகையாகவே வைத்திருக்கிறார்கள். தரிசு என்றதும் அங்கே மரம் நட வேண்டும் என்ற நல்லெண்ணம் எழுகிறது. சீமைக்கருவேலமும் அப்படித்தான் ஊரெல்லாம் பரவியது. நெருக்கமாக மரம் வளர்ந்தால் புல் சாகும், வெளிமானுக்கு ஓட இடம் இருக்காது. இந்தியாவின் முள்வெளிகளில் பல, கெட்டுப்போன காடுகள் அல்ல, தொன்மையான சவானாக்கள் என்று நம் சூழலியலாளர்கள் இப்போது அழுத்தமாகச் சொல்லி வருகிறார்கள். வல்லநாட்டைப் பார்த்த எவருக்கும் அது விளங்கும் என்று நினைக்கிறேன்.

தொல்காப்பியம் திணைக்கு முதற்பொருளாக நிலத்தோடு பொழுதையும் சேர்த்து வைத்தது. குறிஞ்சிக்குக் கூதிர், முல்லைக்குக் கார். முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெயிலில் திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். காலத்தை நிலத்திலிருந்து பிரிக்காத அந்தப் பார்வை இந்த ஆற்றங்கரைக்கு மிகவும் பொருந்துகிறது.

மழையின் அளவைவிட அது பெய்யும் காலமே முக்கியம் என்பதற்கு 2023 டிசம்பரில் ஒரு கொடிய சான்று கிடைத்தது. ஆற்றின் முகத்துவாரத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள காயல்பட்டினத்தில் 17ஆம் தேதி காலையிலிருந்து 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகம். குளங்கள் உடைந்தன, ஊர்கள் மூழ்கின, உயிர்கள் போயின. அடுத்த கோடையில் அதே நிலம் வழக்கம்போலக் காய்ந்து கிடந்தது. ஒரு நாளின் வெள்ளத்தை எந்த மரமும் அடுத்த எட்டு மாதத்துக்குச் சேமித்து வைத்துக்கொள்ள முடியாது.

ஆற்றுக்குத் தெற்கே, குதிரைமொழிப் பக்கம் தேரி எழுகிறது. இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த மணலைத் தென்மேற்குக் காற்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த மேடுகள். பனையும் கொல்லாமரமும் உடையும் நிற்கின்றன. மேலே நெருப்புப்போல் சுடும் அந்த மணல் பெய்த மழையை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்வதால், அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை ஊறுகிறது. பனை அந்த ஆழத்து ஈரத்தை எட்டிப் பிடிக்கத் தெரிந்த மரம்.

கொற்கை ஒரு காலத்தில் பாண்டியரின் துறைமுகம். ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. இன்று கடல் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தப் புதிய மண்ணின் விளிம்பில்தான் புன்னக்காயல். வடக்கே தூத்துக்குடிவரை உப்பளங்கள். முள்காட்டை உண்டாக்கிய அதே வறண்ட மாதங்கள் இங்கே உப்பை விளைவிக்கின்றன. கழிமுகத்தின் சேற்றில் அலையாத்தி மரங்கள் மூச்சுவேர்களை மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இலைகளின் வழியே உப்பை வெளியேற்றத் தெரிந்த மரம்தான். ஆனாலும் கன்றுகள் பிடித்துக்கொள்ள, ஆண்டில் சில வாரமாவது நல்ல தண்ணீர் வந்து உப்பைக் கரைத்துவிட வேண்டும்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி வரும் அந்த நீரை, வீணாகக் கடலில் கலக்கும் நீர் என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். புன்னக்காயல் மீனவர்களின் வலையில் ஏறும் இறாலும் நண்டும் மீனும் குஞ்சுப் பருவத்தில் வளர்வது அந்த நீர் வந்து கலக்கும் அலையாத்தி வேர்களுக்கு நடுவேதான். பொதிகையின் மட்கும் வண்டலும் வந்து படிவது அங்கேதான். அணைக்கட்டு அடைபட்டுக் கிடக்கும் மாதங்கள் கூடக்கூட, கழிமுகத்துக்கும் வறண்ட மாதங்கள் கூடுகின்றன.