தலையை விட்டுவிடு

சங்கராந்தி நெருங்கினால் தொம்மலூர் காய்கறிக் கடைகளில் சர்க்கரைவள்ளி குவிந்துவிடும். பக்கத்திலேயே மரவள்ளி. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. ஒட்டிக்கொண்ட பெயர் மட்டும் நம்முடையது. பெயருக்குச் சொந்தக்காரியான காட்டு வள்ளியை இங்கே எவரும் விற்று நான் பார்த்ததில்லை.

மூவேந்தர் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது, பாரிக்கு உழாமலே விளையும் உணவு நான்கு உண்டு என்று கபிலர் புறநானூற்றில் எச்சரித்தார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகையும் ஒருவகைப் பஞ்சம்தானே.

குமரி மலையோரத்தில் வளர்ந்த என் பாட்டிக்கு அது 1942-க்குப் பிறகு வந்தது. ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் திருவிதாங்கூருக்கு வரும் அரிசி நின்றது. மரவள்ளி பலரைக் காப்பாற்றியது. அதுவும் கிடைக்காத வாரங்களில் பாட்டியின் அப்பா கடப்பாரையோடு காட்டுக்குப் போனார். கொடி காய்ந்து அறுந்துவிட்டால் கிழங்கு இருக்குமிடம் தெரியாது. முன்பே அடையாளம் வைக்க வேண்டும். இடுப்பளவு தோண்டினால்தான் கவலைக்கிழங்கு முழுசாக வரும். (அந்தப் பெயரை வைத்தவர் பசியை அறிந்தவராக இருக்க வேண்டும்.)

எல்லாக் கிழங்கும் சாதுவல்ல. சில காட்டு இனங்களில் டயாஸ்கோரின் என்ற நஞ்சு உண்டு: வாந்தி, வலிப்பு, சில சமயம் சாவு. மெல்லிய சீவல்களாக அரிந்து, கூடையில் கட்டி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் போட்டு வைப்பார்கள். அவித்த நீரையும் கொட்டிவிடுவார்கள். எது சாது, எது நஞ்சு என்று சொல்லத் தெரிந்த ஆள் ஊரில் உயிரோடிருக்க வேண்டும்.

பாட்டி சொல்வாள்: “தலையை விட்டுட்டு வெட்டணும், குழியை மூடணும் மக்கா. அடுத்த பஞ்சத்துக்கும் வேணும்லா?”

தொம்மலூர் அடங்கிய அன்றைய மைசூர் சமஸ்தானம் இதைவிடக் கொடிய பஞ்சத்தைக் கண்டது. 1871-இல் 50.5 லட்சம் பேர். 1876-78 பஞ்சத்துக்குப் பின் 1881-இல் 41.9 லட்சம். அந்தப் பஞ்சம் ஓய்ந்த 1878-லேயே பிரிட்டிஷ் இந்தியாவில் வனச் சட்டம் வந்தது. 1882-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிச் சட்டம். காப்புக்காட்டில் அனுமதியின்றி எதை எடுத்தாலும் குற்றம். பசித்தவன் கடைசியாகத் தட்டும் கதவுக்கும் பூட்டு. கிழங்கையும் சிறு வனப்பொருளாகச் சேர்த்து, சேகரிக்கும் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டது 2006-இன் வன உரிமைச் சட்டம். 128 ஆண்டுகள்! 2011-இல் கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலை சோலிகர்கள் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை பெற்றார்கள்.

பாட்டியின் மலைச்சரிவில் இன்று ரப்பர். சித்தப்பா மகன் எங்கோ தேடி ஒரு தலைத்துண்டு கொண்டுவந்தான். சித்திரையில் சிமெண்டு மூட்டையில் நட்டேன். இப்போது மாடிக் கம்பியெல்லாம் கொடி. வீட்டுக்காரர் “வெற்றிலையா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். மார்கழியில் இலை உதிர்ந்ததும் மூட்டையைக் கிழித்துப் பார்க்க வேண்டும்.