ஒரு கேள்விக்கு விழுந்த வாக்குகள்

87,870. வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி நடைபெற்ற முதலாவது தேர்தலில், யாழ்ப்பாண மாவட்டத்தில் அனந்தி சசிதரன் பெற்ற விருப்பு வாக்குகள் இவை. முதலமைச்சர் வேட்பாளராக நின்ற ஓய்வுபெற்ற நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரனுக்கு 132,255. அவருக்கு அடுத்த இடத்தில் அனந்தி. மூன்றாவதாக வந்தவர் பல வருடங்களாக அரசியலில் இருக்கும் தர்மலிங்கம் சித்தார்த்தன். அவருக்குக் கிடைத்தது 39,715. அனந்தியின் வாக்குகளில் அது பாதிகூட இல்லை. அதற்கு முன்னர் எந்தத் தேர்தலிலும் நின்றிராத, அரச அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்த, மூன்று பெண்பிள்ளைகளின் தாய் ஒருவருக்கு இவ்வளவு வாக்குகளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அரசியல் விஞ்ஞானப் பாடத்துக்கு, மாகாண சபை உறுப்பினர் ஒருவரின் அரசியல் வாழ்க்கை பற்றி ஓர் ஒப்படை எழுதிவரும்படி ஆசிரியை சொல்லியிருந்தார். வகுப்பில் பலரும் முதலமைச்சரையே தெரிவு செய்தார்கள். அவருடைய உரைகளும் பேட்டிகளும் நிறையக் கிடைக்கும், பக்கம் நிரப்புவது சுலபம். நான் அனந்தியின் பெயரைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு வேற ஆள் கிடைக்கேல்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்பது எங்கள் பாடசாலையில் படிக்கும் எல்லோருக்கும் விளங்கும்.

அனந்தியின் கணவர் எழிலன் விடுதலைப் புலிகளின் திருகோணமலை மாவட்ட அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்தவர். அந்த இயக்கம்தான் 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னது. ஆளுக்கு 150 ரூபாதான் கையில் கொண்டுபோகலாம் என்றார்கள். உம்மம்மாவின் காதிலிருந்த தோட்டைக்கூட வீதியில் வைத்துக் கழற்றி வாங்கினார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் அந்த ஒக்டோபரில் அகதிகளானார்கள். அதற்காக 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் மன்னிப்புக் கேட்டார். உம்மம்மா அப்போது புத்தளத்தில் ஓலைக் குடிசையில் பன்னிரண்டாவது வருடத்தைக் கழித்துக்கொண்டிருந்தா.

ஆகவே 2013இல் தொலைக்காட்சியில் அனந்தியைக் கண்டபோது உம்மம்மா முதலில் சொன்ன வார்த்தை நல்ல வார்த்தையல்ல என்று சாச்சி சொல்லுவா. ஆனால் செய்தி முடியுமட்டும் எழும்பாமல் இருந்து பார்த்தாவாம். கையில் கணவரின் படத்தை வைத்துக்கொண்டு, "இராணுவத்திடம் என் கண்முன்னால் ஒப்படைக்கப்பட்டவர் எங்கே?" என்று அனந்தி கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்து முடித்த உம்மம்மா, "ஆள் எங்கெண்டு கேக்கிறா. அதுக்கு ஆரும் பதில் சொல்ல வேணும்தானே. அதையும் இதையும் கலக்காதேங்கோ" என்றாவாம். என் ஒப்படைக்கு அனுமதி தந்தது ஆசிரியை மட்டுமல்ல, ஒரு வகையில் உம்மம்மாவும்தான்.

அனந்தியின் சாட்சியத்தின்படி, 2009 மே 18ஆம் திகதி முல்லைத்தீவில் எழிலனும் வேறு பலரும் பிரான்சிஸ் ஜோசப் அடிகளாருடன் இராணுவத்தினரிடம் சரணடைந்தார்கள். அதன்பிறகு அவர்களைப் பற்றித் தகவல் இல்லை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் அவர் இதைச் சொன்னார். வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் தாக்கல் செய்தார். தேர்தலில் நின்றபோது அவர் தன்னுடைய கணவருக்காக மட்டும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் 87,870 பேர் புள்ளடி போட்டிருக்க மாட்டார்கள். எத்தனையோ வீடுகளில் ஒரு மகனின், ஒரு கணவனின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீடுகளின் கேள்வியைத்தான் அவர் மேடைக்குக் கொண்டுவந்தார்.

வாக்களிப்புக்குச் சற்று முன்னர் ஒரு நள்ளிரவில் சுழிபுரத்திலிருந்த அவருடைய வீடு தாக்கப்பட்டது. அவர் தப்பிவிட்டார், அங்கிருந்த ஒரு சட்டத்தரணி உட்படச் சிலர் காயமடைந்தார்கள். அதன்பிறகு, அவர் அரச பக்கம் சேர்ந்துவிட்டார் என்ற பொய்ச் செய்தியோடு 'உதயன்' பத்திரிகையின் பெயரில் ஒரு போலிப் பதிப்பு ஊருக்குள் உலவியது. மக்கள் அதை நம்பவில்லை என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

அதே நாளில் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வாப்பா போருக்குப் பிறகு திரும்பிவந்து ஐந்து சந்திப் பக்கம் ஒரு சின்னக் கடை போட்டிருந்தார். அவருடைய பெயர் யாழ்ப்பாண வாக்காளர் இடாப்பில் இருந்தது. உம்மாவின் பெயர் இன்னும் புத்தளத்தில். புத்தளம் வட மேல் மாகாணத்தில் இருக்கிறது, அந்த மாகாண சபைக்கும் தேர்தல் அதே செப்டெம்பர் 21இல்தான். வாப்பா சோனகர் தெருப் பக்கம் போய் வட மாகாண சபைக்கு வாக்களித்தார். உம்மா முதல்நாளே என்னையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய், வட மேல் மாகாண சபைக்கு வாக்களித்தா. ஒரே குடும்பம், ஒரே நாள், இரண்டு மாகாணங்கள். எனக்கு ஐந்து வயது. உம்மாவின் சின்னி விரலில் இருந்த மையை நகப்பூச்சு என்று நினைத்து எனக்கும் வேண்டுமென்று அழுதேனாம். வாப்பா தன் மூன்று விருப்பு வாக்குகளையும் யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. "இரகசிய வாக்கு எண்டு உங்கட புத்தகத்தில இல்லையா?" என்று சிரிக்கிறார்.

எங்கள் வீட்டில் மட்டும் இப்படியல்ல. திரும்பிவந்த முஸ்லிம் குடும்பங்களில் பலரின் வாழ்க்கை இரண்டு ஊர்களுக்கிடையில் கிழிந்து கிடந்தது. வீடில்லாததால் நிரந்தரமாக வர முடியாது. நிரந்தரமாக வராததால் வீட்டுத்திட்டத்தில் பெயர் வராது. ஒரு காரியாலயத்தில் உம்மாவிடம், "நீங்கள் புத்தளத்து ஆக்கள்தானே" என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். புத்தளத்தில் முப்பது வருடமாக எங்களை "யாழ்ப்பாணத்து அகதிகள்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

இப்படிச் சிதறிய வாக்குகளால் ஓர் உறுப்பினரைத் தெரிவுசெய்ய முடியுமா? யாழ் மாவட்டத்துக்கு 16 ஆசனங்கள். கூட்டமைப்புக்கு 14, அரச தரப்பான ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 2. அந்தப் 16 பேரில் ஒரு முஸ்லிம்கூட இல்லை. மாகாணம் முழுவதிலும் 36 ஆசனங்கள் வாக்குகளால் நிரம்பின. கூடிய வாக்குப் பெற்ற கட்சிக்கு இன்னும் 2 போனஸ் ஆசனங்கள். அந்த இரண்டில் ஒன்றைத்தான் கூட்டமைப்பு அய்யூப் அஸ்மின் என்ற முஸ்லிம் ஒருவருக்குக் கொடுத்தது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் முஸ்லிம் உறுப்பினர்கள் தெரிவானார்கள் என்றாலும், வென்ற கட்சியின் பக்கத்தில் எங்களுக்கு இருந்தது இந்த ஒரு கதிரைதான்.

கைதடியிலுள்ள அந்தச் சபா மண்டபத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கதிரையில் 87,870 வாக்குகளோடு வந்தவர். இன்னொரு கதிரையில் அன்பளிப்பாகக் கிடைத்த ஆசனத்தில் வந்தவர். கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை, கொடுக்காமலும் விட்டிருக்கலாம். ஆனால் கொடுக்கப்பட்ட ஆசனத்துக்குப் பின்னால் "நான் இவரைத்தான் அனுப்பினேன், என்ன செய்தீர் என்று கேட்பேன்" என்று சொல்ல ஒரு வாக்காளர் இல்லை. அனந்தியிடம் கேட்க ஒரு தாய் தன் வீட்டுப் படலையிலேயே நிற்பாள்.

இனி, அந்தச் சபையால் என்ன செய்ய முடிந்தது என்று பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபைக்கென்று ஒரு நிரலையும், மத்திக்கென்று ஒரு நிரலையும், இரண்டுக்கும் பொதுவாக ஒரு நிரலையும் தந்திருக்கிறது. கல்வி, சுகாதாரம், கூட்டுறவு, விவசாயம், வீதிகள் போன்றவற்றில் சபை நியதிச்சட்டம் ஆக்கலாம். அந்தச் சட்டமும் ஆளுநரின் சம்மதம் இல்லாமல் நடைமுறைக்கு வராது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. வட மாகாண சபை கூடியபோது ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜீ. ஏ. சந்திரசிறி. பாதுகாப்பு மத்தியினுடையது, இராணுவத்தைக் கேள்வி கேட்க மாகாண சபைக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அப்படியானால் அனந்தி எந்தக் கேள்விக்காக அனுப்பப்பட்டாரோ, அந்தக் கேள்வி அவர் போன சபையின் எந்த நிரலிலும் இல்லை. இதை எழுதும்போது என் பேனை நின்றுவிட்டது. மக்கள் தெரியாமலா அனுப்பினார்கள்? நான் அப்படி நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடை வாங்கில் இருக்கும் கிழவருக்கும் 13ஆவது திருத்தம் தெரியும். தீர்வு தராத சபை என்று தெரிந்துகொண்டே, ஒரு பெண் தங்கள் கேள்வியை எழுந்து நின்று கேட்கட்டும் என்று அனுப்பினார்கள். உறுப்பினர் என்ற அந்தப் பெயரோடுதான் அவர் 2014இல் ஜெனீவாவில் ஐ. நா. மனித உரிமைகள் பேரவையிலும் பேசினார். "தீர்மானம் போடும் சபை" என்று வட மாகாண சபையைக் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் உண்மை இருக்கிறது. கிணறும் மதகும் பள்ளிக்கூடக் கூரையும் காத்திருந்தன என்பதும் உண்மைதான். ஆனாலும் பேசுவதற்கே இடமில்லாதிருந்த ஒரு சனத்துக்குப் பேச்சும் ஒரு வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்சிக்குள் அவருக்கு இலகுவாக இருக்கவில்லை. 2015 ஜனாதிபதித் தேர்தலில் கட்சியின் முடிவுக்கு மாறாக நின்றதால் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளானார். அதே வருடப் பொதுத்தேர்தலில் வேட்பாளர் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. 2017 நடுப்பகுதியில், முன்னைய அமைச்சர்கள் சிலர் விசாரணை ஒன்றையடுத்து விலகியபோது, மகளிர் விவகாரம், புனர்வாழ்வு, சமூக சேவை, கூட்டுறவு முதலிய பொறுப்புகளோடு மாகாண அமைச்சரானார். விதவைகளும், கணவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத பெண்களும் நிறைந்த மாகாணத்தில், சபையால் உண்மையாகவே ஏதாவது செய்யக்கூடிய துறைகள் இவைதான். அவை அவர் கைக்கு வந்தபோது சபையின் ஆயுளில் பதினாறு மாதங்களே மீதி இருந்தன. முதல் நாளே கொடுத்திருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டாவது இடம் எடுத்தவருக்கு முதலில் ஒரு துறையும் இல்லை. பெண்ணாக இல்லாவிட்டால் இப்படி நடந்திருக்குமா?

பிறகு ஈழத் தமிழர் சுயாட்சிக் கழகம் என்ற கட்சியைத் தொடங்கினார். 2020 பொதுத்தேர்தலில் விக்னேஸ்வரனின் அணியில் நின்று தோற்றார். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலிருந்து ஒரு பெண்கூடப் பாராளுமன்றம் போகவில்லை. தேர்தலைவிட நீதிமன்றம் மெதுவானது. எழிலனின் மனு மீது வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில்தான் கட்டளை வழங்கியது. அவரை முன்னிலைப்படுத்தும்படி இராணுவத்துக்குச் சொல்லப்பட்டது. அனந்தி தேடத் தொடங்கிப் பதின்மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. செய்தியை உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆளைக் கொண்டு வந்தாங்களா?" என்று மட்டும் கேட்டா.

வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. நான் அப்போது ஐந்தாம் ஆண்டில் இருந்தேன். இப்போது உயர்தரம் படிக்கிறேன். இன்னும் தேர்தல் இல்லை. 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் ஒரேயடியாக நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் முடியவில்லை. மாகாணத்தை ஆளுநர் நடத்துகிறார். உறுப்பினர் இல்லாத சபைக்கு அன்பளிப்பாசனமும் இல்லை, எங்களுக்கு அந்த ஒரு கதிரையும் போனது.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் உம்மா முதன்முதலாக யாழ்ப்பாணத்தில் வாக்களித்தா. அடுத்த வருடம் என் பெயரும் இடாப்பில் ஏறும். ஒப்படை விஷயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்த அதே தோழியும் நானும் மாகாண சபைக்கு யாருக்கு விருப்பு வாக்குப் போடுவது என்று இடைவேளையில் வாதாடுகிறோம். அவளுக்கு முஸ்லிம் வேட்பாளர்தான் வேண்டும். எனக்கு ஒரு பெண் வேட்பாளர், முடிந்தால் இரண்டுமாக ஒருவர். புதிய சட்டப்படி நடந்தால் விருப்பு வாக்கே இல்லை என்று நேற்று வாசித்துவிட்டு அவளுக்குச் சொன்னேன். "முதல்ல தேர்தலை வைக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த ரோல்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.