வெள்ளமும் தண்ணீரும்

பொதிய மலைத்தொடரில் பிறக்கும் ஆறுகள் பல. அவற்றுள் தாமிரவருணி கிழக்கே இறங்கி, நெல்லைச் சீமையை வளப்படுத்தி, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கரமனையாறு மேற்கே இறங்கி, திருவனந்தபுரத்தின் ஓரமாக ஓடி, அரபிக் கடலைச் சேர்கிறது. முன்னதன் கரையில் பிறந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி நிமித்தம் பின்னதன் கரையில் குடியேறினோம் நாம். மலை ஒன்றுதான், சரிவு மட்டுமே வேறு. எளிய இவ்வுண்மையை நாம் உணரப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

கரமனைக்கு வந்த முதல் வாரம். விடியுமுன் அடுத்த வீட்டுச் சேச்சி வேலியருகே நின்று, "வெள்ளம் வந்நு, வெள்ளம் வந்நு" என்று உரக்கக் குரல் கொடுத்தார். நம் இல்லாள் திடுக்கிட்டு எழுந்து, பாயையும் அரிசி மூட்டையையும் கட்டிலின்மேல் ஏற்றினாள். வெளியே சென்று பார்த்தால் ஆறு அடக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வந்திருந்தது, அவ்வளவே. நாம் பெருக்கைக் குறிக்கும் சொல்லை இவர்கள் குடிநீருக்கு வைத்திருக்கிறார்கள்.

அலுவலகத்திலும் இத்தகைய இடர்கள் குறைவில்லை. "சாரினோடு ஒன்று சம்சாரிக்கணம்" என்று நண்பர் ஒருவர் பணிவுடன் சொன்னபோது, நம் சம்சாரத்தைப் பற்றி இவருக்கு என்ன கவலை என்று ஒரு கணம் முகம் சுளித்தோம். பேச வேண்டும் என்பதே அவர் கருத்து. துறைத்தேர்வு அறிவிப்பு வந்தபோது, "நல்ல அவசரமாணு, களையருது" என்றார் இன்னொருவர். நாம் அன்றே அரைகுறையாக விண்ணப்பத்தை எழுதி நீட்டினோம். அவர் சொன்ன 'அவசரம்' நல்வாய்ப்பு. நாம் கேட்ட அவசரம் பதற்றம்.

இவையெல்லாம் சிரித்து மறக்கக்கூடியவை. ஆயினும் இவற்றால் நம் உள்ளத்தில் ஓர் அச்சம் முளைத்தது. இத்துணை நெருக்கமாக நின்று, இத்துணை வேறாகப் பொருள் தரும் மொழி, நாளடைவில் நம் குழந்தையின் தமிழை விழுங்கிவிடாதா? ஆகவே வீட்டில் ஒரு சட்டம் செய்தோம். வாசற்படி தாண்டி ஒரு மலையாளச் சொல்லும் உள்ளே வரலாகாது. மகள் 'உறங்கி' என்றால் 'தூங்கி' என்று திருத்துவோம். 'விளித்தாள்' என்றால் 'கூப்பிட்டாள்' என்போம். 'பறைந்தாள்' என்றாலோ கண்ணை உருட்டுவோம்.

கற்றதை மறந்த கண்களுக்கு அன்று ஒன்று தெரியவில்லை. உறங்குதலும் விளித்தலும் பறைதலும் எந்த நாட்டுச் சொற்கள்? எட்டு வேற்றுமையுள் ஒன்றை 'விளி' என்று பெயரிட்டுப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள்தாமே நாம்! நண்டை இங்கே 'ஞண்டு' என்பார்கள். அவ்வடிவம் பழந்தமிழுக்கும் உரியது. தமிழ்நாட்டில் விண்ணப்பத்தின் அடியில், கையொப்பத்துக்கு மேலே மட்டும் உயிரோடிருக்கும் சொல் 'இங்ஙனம்'. கரமனைச் சந்தையில் மீன் விற்கும் பெண்மணி, "இங்ஙனெ விலை பேசியால் எங்ஙனெ சாரே?" என்று அச்சொல்லின் தங்கையை நாளும் வாயில் வைத்திருக்கிறார். ழகரத்தின் கதையும் இதுவே. விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால் 'வாளப்பளம்' என்று சொல்லும் உறவினரைக் கண்டு நம் மகள் விழிப்பாள். மழையையும் வழியையும் கோழியையும் நாக்கை மடித்துச் சொல்ல அவளுக்குக் கற்பித்தவர் அடுத்த வீட்டுச் சேச்சி.

நெல்லையில் நம் பேச்சைக் கேட்டு, 'மலையாளத் தமிழ்' என்று நகைப்பார்கள். அண்ணன், அக்கன், அப்பி என்றெல்லாம் உறவாடும் திருவனந்தபுரத்தாரின் மலையாளத்தைக் கேட்டு வடகேரளத்தார், 'தமிழ் கலந்தது' என்று நகைப்பார்கள். நகைப்புக்கு ஆளானவர்கள் இருவரும் ஒரே தெருவில் குடியிருக்கிறோம்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தன. மனிதர்களுக்கு எல்லை வந்தது. தெய்வங்களுக்கு வரவில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் குமாரகோவில் முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை கடந்து, இரு மாநிலக் காவலரின் மரியாதையோடு, கரமனை வழியாகவே நகருக்குள் எழுந்தருள்கின்றனர். கும்ப மாதத்து ஆற்றுக்கால் பொங்காலை நாளிலோ கரமனைத் தெருக்களெங்கும் அடுப்புக் கற்கள். தோற்றம் பாட்டில் பாண்டியன் வீழும் கட்டம் பாடப்பட்ட பின்னரே அடுப்பு மூட்டுவர். கண்ணகிக்காகச் சேச்சியும் நம் இல்லாளும் ஒரே புகையில் கண்கலங்கி நிற்பதைப் பார்த்தவர், யார் தமிழர், யார் மலையாளி என்று பிரித்தறிய மாட்டார்.

1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை இந்நகரக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர். பின்னாளில் நகுலனும் நீல. பத்மநாபனும் இந்நகரில் வாழ்ந்தே தமிழ் நாவல்கள் படைத்தனர். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவைக் கதையாக்கினார்; 2015-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். சுற்றிலும் ஒலித்த மலையாளம் இவர்கள் தமிழைக் குலைக்கவில்லை, உரமாகவே அமைந்தது.

அவ்வாறாயின் நாம் அஞ்சியது வீண்தானா? அன்று. ஆபத்து உண்டு, அது நாம் காவல் நின்ற வாயிலில் வரவில்லை. அதை நமக்குக் காட்டியது ஒரு கடிதம்.

நெல்லையில் இருக்கும் நம் அன்னையாருக்குச் செவிப்புலன் குறைவு. தொலைபேசி அவருக்குப் பயன்படாது. ஆகவே இக்காலத்திலும் கடிதம் எழுதுவார். மகளுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தபோது, முதன்முறையாக அவள் பெயருக்கே ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. பெண் அதை ஆசையோடு பிரித்தாள். மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நம்மிடம் நீட்டினாள். பள்ளியில் மலையாளமும் இந்தியும் ஆங்கிலமும் பயில்பவள் அவள். தமிழ் பேசுவாள், தமிழ் எழுத்து அறியாள்.

நாம் உரக்க வாசித்தோம். வாழ்த்து, முறுக்குச் செய்தி, பூனைக்குட்டி இவற்றுக்குப் பின் இவ்வாறு எழுதியிருந்தது: "வலது கண்ணில் புகை படிந்தாற்போல இருக்கிறது. உன் அப்பாவிடம் சொல்லாதே. செலவை நினைத்து வருந்துவான். உன்னிடம் சொன்னால் எனக்கு ஆறுதல், அதனால் சொல்கிறேன்."

அடுத்த வரிக்கு நா எழவில்லை. மகள் நம்மை உற்றுப் பார்த்தாள். "ஆச்சி எனக்கு மட்டும் சொன்ன காரியத்தை அப்பா ஏன் வாசிச்சது?" என்றாள். அவள் சொற்றொடரில் மலையாள வாடை வீசியது. திருத்தும் தகுதி அன்று நமக்கில்லை. சொற்களைக் காத்த நாம் எழுத்தைக் கொடுக்க மறந்திருந்தோம். பேத்திக்கும் ஆச்சிக்கும் நடுவே, பிறர் கடிதம் பிரிக்கும் அந்நியராக நின்றிருந்தோம்.

அந்த வாரமே ஊருக்குச் சென்று அன்னையாரைக் கண் மருத்துவரிடம் காட்டினோம். கண்புரை, அறுவை மருத்துவம் நலமாக முடிந்தது. இங்கே அரிச்சுவடி தொடங்கியது. ண, த, ழ ஆகியவை மலையாள எழுத்துக்கு உடன்பிறந்தவை போலிருக்கவே விரைவில் பிடிபட்டன. "பாலுக்கும் பாலனுக்கும் ஒரே எழுத்தா?" என்று மட்டும் நெடுநாள் சண்டையிட்டாள். கோடை விடுமுறை முடியுமுன், ஆச்சியின் கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்று கட்டைவிரல் அளவு எழுத்துகளில் பதில் எழுதினாள்: "ஆச்சி, கண்ணைப் பற்றி நான் அப்பாவிடம் பறையவில்லை. கடிதம் தான் பறைந்தது."

பறைதலை அடித்துத் திருத்தக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டோம். பத்து நாளில் அன்னையாரின் மறுமொழி வந்தது. உறையின் மேல், 'இவளே பிரிக்க' என்று எழுதியிருந்தது. மகளே வாசித்தாள், விரும்பியதை மட்டும் நமக்குச் சொன்னாள். அதில் ஒன்று: "நீ பறை என்று எழுதியிருக்கிறாய். தோவாளையில் பிறந்த என் அம்மையும் அப்படித்தான் சொல்லுவாள். எத்தனை வருஷமாயிற்று அதைக் கேட்டு!"

இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்களே, ஒரு விண்ணப்பம். வெளியே ஒலிக்கும் மொழியைக் கண்டு அஞ்சற்க. அது நாம் தொலைத்த சில சொற்களையும் சேர்த்தே காத்து வைத்திருக்கிறது. ஆனால் இப்பக்கத்தை உங்கள் பிள்ளையிடம் நீட்டிப் பாருங்கள். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அவரோடு அமருங்கள். எங்கோ ஓர் ஊரில் ஓர் ஆச்சி, பிறர் அறியக்கூடாத ஏதோ ஒன்றை அவருக்கு எழுதக் காத்திருக்கலாம்.